எட்டுக் கட்டத்துக்குள் ஒரு பாடம்: பன்முக நுண்ணறிவுத் திட்டமிடல் தொகுப்புகளை நம்பி வாங்கலாமா?

நுண்ணறிவு ஒன்றல்ல, பல தனித்தனித் திறன்கள் என்று சொல்லும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை வைத்து உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் திட்டமிட உதவும் தொகுப்புகள் நிறையவே விற்பனைக்கு இருக்கின்றன. அட்டைப்படம் மாறும், விலை மாறும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: மாணவர்களுக்கு ஒரு வினாத்தாள், எட்டுக் கட்டம் போட்ட அலகுத் திட்டத் தாள், பாடவாரியாகச் செயல்பாட்டு அட்டைகள், மதிப்பீட்டுப் படிவங்கள், ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. ஒரே பெட்டியில் வந்தாலும் இவை ஒரே தரத்தில் இல்லை. வினாத்தாளைப் பிரிக்காமலேயே ஓரமாக வைத்துவிடலாம். கட்டத் தாளைத் திருத்தினால் உதவும். அட்டைகளைச் சலித்தெடுக்க வேண்டும். மதிப்பீட்டுப் படிவங்களோடு வரும், பலர் புரட்டிக்கூடப் பார்க்காத செயல்முறைக் கோப்புப் படிவம்தான் (மாணவர் தன் வேலையில் செய்த மாற்றங்களைக் குறித்து வைக்கும் தாள்) இந்தப் பெட்டியிலேயே கொடுத்த பணத்துக்கு மதிப்பு தருவது.

கோட்பாட்டின் கதை சுருக்கமாக. அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்தபோது நுண்ணறிவுகள் ஏழு: மொழி, தருக்க-கணிதம், இசை, உடல்-இயக்கம், இடம்சார்ந்தது, பிறரை அறிவது, தன்னை அறிவது. இயற்கையை இனங்காணும் எட்டாவது நுண்ணறிவு 1990-களின் நடுவில் சேர்ந்தது. இருத்தல் குறித்த கேள்விகளை எழுப்பும் திறனை ஒன்பதாவதாகச் சேர்க்கலாமா என்று அவரே யோசித்து, முழுமையாகச் சேர்க்காமல் விட்டுவிட்டார். பட்டியலில் இடம்பெற மூளைக் காயத்தால் தனியாகப் பாதிக்கப்படுமா, தனக்கென ஒரு குறியீட்டு முறை உண்டா, தனி வளர்ச்சிப் பாதை உண்டா என்பது போன்ற எட்டு அளவுகோல்களை வைத்திருந்தார். இது மனம் எப்படி அமைந்திருக்கிறது என்பது பற்றிய ஒரு கருத்து. வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்ற செய்முறை அதில் இல்லை. தொகுப்பு தயாரிப்பவர்கள் அந்த இடைவெளியைத் தங்கள் ஊகங்களால் நிரப்புகிறார்கள். பெட்டியில் கோளாறு என்று கண்டதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் வினாத்தாள். “எனக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும்”, “குழுவாக வேலை செய்வது எனக்குப் பிடிக்கும்” என்ற வகை வாக்கியங்களுக்கு மாணவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டிப் பார்த்து, அதிகம் வந்த நுண்ணறிவின் பெயரைப் பிள்ளையின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். பாட்டுக் கேட்கப் பிடிப்பதும், சுருதி விலகினால் காது கண்டுபிடிப்பதும் வேறு வேறு. வினாத்தாள் அளப்பது விருப்பத்தை. அதற்குத் திறன் என்று பெயர் சூட்டுகிறது. கார்ட்னரும் டேவிட் ஃபெல்ட்மனும் முன்னெடுத்த ஸ்பெக்ட்ரம் திட்டத்தில் சிறு குழந்தைகளிடம் இப்படிக் கேள்வி கேட்கவில்லை. பொருள்களைக் கையில் கொடுத்து, கழற்றிப் பூட்டச் சொல்லி, கதை சொல்லச் சொல்லி, அவர்கள் செய்வதைப் பார்த்துக் குறித்தார்கள். அதற்கு நேரம் பிடிக்கும். பத்து நிமிட வினாத்தாள் அதற்கு ஈடாகாது.

13 வயதுப் பிள்ளையிடம் “நீ உடல்-இயக்க வகை” என்று சொன்னால், அடுத்த மாதமே “எனக்குக் கணக்கு வராது, நான் அந்த வகை இல்லை” என்று அது திரும்பி வரும். திறனைத் திறந்துவிட வந்த கோட்பாடு பிள்ளையின் கையில் ஒரு சாக்காக முடிவதைப் பார்க்க மனம் பொறுக்காது. பன்முக நுண்ணறிவும் ‘கற்றல் பாணி’யும் ஒன்றல்ல என்று கார்ட்னரே 2013-இல் வெளிப்படையாக எழுதினார். மாணவரின் பாணியைக் கண்டுபிடித்து அந்தப் பாணியிலேயே பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் உளவியலாளர் பாஷ்லர் குழுவினர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வினாத்தாளைப் பெட்டியின் முதல் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள் என்றால், அந்த நிறுவனம் கோட்பாட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கோட்பாட்டின் மீதுள்ள ஐயங்களையும் வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. விஸ்ஸர், ஆஷ்டன், வெர்னன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் 200 பேரிடம் எட்டு வகைக்கும் இரண்டிரண்டு சோதனைகள் வைத்துப் பார்த்தார்கள். மொழி, தருக்கம், இடம் போன்ற அறிவு சார்ந்த சோதனைகள் தனித்தனியாக நிற்கவில்லை. ஒரு பொதுத் திறனோடு வலுவாகப் பிணைந்திருந்தன. இசையிலும் உடல்-இயக்கத்திலும் அந்தப் பிணைப்பு குறைவு. இந்தக் கோட்பாட்டின்படி நடந்த வகுப்பறை முயற்சிகளை 2021-இல் தொகுத்து ஆராய்ந்த ஃபெரெரோ குழுவினர், ஆய்வுகளின் தரமே பலவீனமாக இருப்பதால் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்று முடித்தார்கள். ஆகவே “மதிப்பெண் இத்தனை சதவீதம் உயரும்” என்று அட்டையில் அச்சிட்ட தொகுப்பைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு கருத்தைப் பல வழிகளில் காட்டுவது வேறு விஷயம். எட்டு நுண்ணறிவும் மெய்யோ பொய்யோ, நல்ல ஆசிரியர் அதைச் செய்தே ஆக வேண்டும். இந்தப் பெட்டி அதற்கு எவ்வளவு கை கொடுக்கிறது என்பதே இங்கே அளவுகோல்.

கட்டத் தாளுக்கு வருவோம். நடுவில் அலகின் பெயர், சுற்றிலும் எட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு செயல்பாடு. பார்க்க அழகாக இருக்கும், கணக்குத்தான் உதைக்கும். ஓர் அலகுக்கு 8 பாடவேளை கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பெட்டியையும் நிரப்பினால் பாடவேளைக்கு ஒரு செயல்பாடு ஆகிவிடும். பயிற்சிக் கணக்குக்கும் பிழை திருத்தத்துக்கும் நேரம் மிஞ்சாது. பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டாயத்தில் ஆசிரியர் ஏதாவது ஒன்றை எழுதி வைப்பார். இசைப் பெட்டியில் “பாடல் ஒலிக்கவிடுதல்”, உடல் பெட்டியில் “எழுந்து நின்று பதில் சொல்லுதல்” என்று எழுதியிருந்தால் பெட்டி நிறைந்திருக்கும், பாடம் நகர்ந்திருக்காது. எல்லாப் பாடத்தையும் எல்லா நுண்ணறிவின் வழியாகவும் கற்பிக்கப் பார்ப்பது, பின்னணியில் இசையை ஓடவிடுவது, நுண்ணறிவை வெறும் மனப்பாட உத்தியாக்குவது எல்லாம் தன் கோட்பாட்டின் தவறான பயன்பாடுகள் என்று கார்ட்னர் 1995-லேயே பட்டியல் போட்டிருக்கிறார்.

தாளை இப்படித் திருத்திக்கொள்ளலாம். எட்டுப் பெட்டியையும் அடித்துவிட்டு ஐந்து வரிசை போடுங்கள். முதல் வரிசையில் அலகு முடிந்ததும் மாணவர் சொல்லவோ செய்யவோ வேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாவதில் இந்தக் கருத்தில் பிள்ளைகள் வழக்கமாகக் கொண்டுவரும் தப்பெண்ணம். மூன்றாவதில் இரண்டே இரண்டு நுழைவாயில். நான்காவதில் அதே கருத்தைக் காட்டும் வேறு வேறு வடிவங்கள்: சொல், அட்டவணை, வரைபடம், சமன்பாடு, பொருள். ஐந்தாவதில் எல்லோரும் எழுத வேண்டிய பொதுக் கேள்வி. நுழைவாயில் என்ற சொல்லும் கார்ட்னருடையதே. கதை, எண், அடிப்படைக் கேள்வி, அழகு, கைவேலை, கூட்டுச் செயல் என்று ஒரு கருத்துக்குள் நுழையும் வாசல்களை அவர் பிற்பாடு வகைப்படுத்தினார். உயர்நிலை வகுப்புக்கு எட்டு நுண்ணறிவுப் பட்டியலை விட இது பலமடங்கு பயன்படும். பிள்ளைகளை வகை பிரிக்கச் சொல்லாமல் பாடத்தைத் திறக்கச் சொல்லுகிறது. வாசல் எதுவானாலும் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றே என்பதையும் மறக்கவிடுவதில்லை.

அட்டைகளில் நல்லதும் மோசமானதும் கலந்தே இருக்கும். பிரித்தெடுக்க ஒரு சோதனை போதும். அட்டையில் உள்ள செயல்பாட்டை நீக்கினால் பாடக் கருத்தில் ஏதாவது குறைகிறதா என்று கேளுங்கள். செல்லின் பாகங்களைத் தெரிந்த மெட்டில் பாடச் சொல்லும் அட்டையை நீக்கினால் எதுவும் குறையாது. அது வெறும் பெயர்ப் பட்டியல். பெயர் நினைவில் நிற்க உதவும் என்றால் வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளலாம், பாடவேளையைக் கொடுக்க வேண்டாம்.

மின்சுற்றுக்கு வரும் நாடக அட்டை வேறொரு வகையில் ஆபத்தானது. மாணவர்கள் எலக்ட்ரான்களாக வட்டமாக நடப்பார்கள். மின்கலத்தில் ஒரு சீட்டை வாங்கி மின்விளக்கில் கொடுத்துவிட்டு நகர்வார்கள். வகுப்பே கலகலப்பாகிவிடும். ஆனால் மின்னோட்டம் விளக்கில் செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்ற தப்பெண்ணம் முன்பைவிட ஆழமாகப் பதிந்துவிடும். பிள்ளைகள் கையில் பார்த்தது சீட்டு குறைவதைத்தானே? அதற்குப் பதில் 6 முதல் 8 மீட்டர் மெல்லிய வழவழப்பான கயிற்றை முடிச்சுப் போட்டு வளையமாக்குங்கள். பத்துப் பேர் வட்டமாக நின்று விரல்களுக்கிடையே அதைத் தளர்வாகப் பிடிக்கட்டும். ஒருவர் சீராக இழுத்தால் அவர் மின்கலம். எதிரே நிற்பவர் சற்று இறுக்கிப் பிடித்தால் அவர் மின்விளக்கு. கயிறு எல்லோர் கையிலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது, இறுக்கிப் பிடித்தவர் விரல் மட்டும் சுடுகிறது. ஓட்டம் எங்கும் ஒன்று, ஆற்றல் கைமாறுவது ஓரிடத்தில் என்பதை உடம்பே சொல்லிவிடும். முடிச்சு பெரிதாக இருந்தால் விரலில் மாட்டும், சிறிதாகக் கட்டி நாடா சுற்றிவிடுங்கள். வேகமாக இழுத்தால் தோல் உரசிக் காயமாகும், மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

கணக்கில் நடந்து காட்டும் வரைபட அட்டை அருமையானது. தரையில் 10 மீட்டர் கோடு, மீட்டருக்கு ஒரு குறி, 2 விநாடிக்கு ஒரு கைதட்டு. தூர-நேர வரைபடத்தைப் பார்த்து ஒருவர் நடக்க வேண்டும், மற்றவர்கள் சரியா என்று பார்க்க வேண்டும். வரைபடம் மேலே ஏறிக் கீழே இறங்கினால், முதல் முறை நடப்பவர்களில் பலர் கோட்டிலேயே முன்னே போய்த் திரும்பி வராமல், மலை ஏறி இறங்குவது போலப் பக்கவாட்டில் வளைந்து நடப்பார்கள். வரைபடத்தைப் படமாகப் பார்க்கும் இந்தத் தப்பு எழுத்துத் தேர்வில் எளிதில் வெளியே வராது, இங்கே எல்லோர் கண்ணிலும் படும். சில அட்டைகள் “விரும்பியபடி நடக்கலாம்” என்று விட்டுவிடுகின்றன. கோட்டை விட்டு விலகக் கூடாது என்பதைக் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுப்பாட்டில்தான் பாடமே இருக்கிறது.

இசை உண்மையிலேயே பாடத்தின் உள்ளே இருக்கும் அலகு ஒலியியல். இந்த ஓர் அலகை மட்டும் அட்டையில் உள்ளதை விட விரிவாகவே செய்யுங்கள். 80 செ.மீ. பலகை, 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு கூரான தாங்கிகள், 0.3 மி.மீ. அளவிலான கிட்டார் எஃகுக் கம்பி ஒன்று. கம்பியின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையைச் சிறு கப்பியின் மேல் விட்டு 3 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். நடுவில் நகர்த்த ஒரு மரத் தாங்கி. மீட்டினால் அதிர்வெண் ஏறத்தாழ 170 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் வரும். கைபேசிச் செயலியில் படிக்கலாம்.

முதலில் அளவுகோலைக் கொடுக்காதீர்கள். பாடத் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, முழுக் கம்பியின் ஒலியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு, பஞ்சமம் கேட்கும் இடத்துக்குத் தாங்கியை நகர்த்தச் சொல்லுங்கள். பிறகு மற்றவர்கள் அளக்கட்டும்: மீட்டும் பகுதி 40 செ.மீ.க்குப் பக்கத்தில் நிற்கும். மேல் சட்ஜம் 30-இல், சுத்த மத்தியமம் 45-இல். காது கண்டுபிடித்த இடங்கள் 3:2, 2:1, 4:3 என்ற விகிதங்களாக மாறுவது பிள்ளைகளுக்கு மறக்காது. அடுத்து 60, 50, 45, 40, 30 செ.மீ.க்கு அதிர்வெண்ணை எழுதி அட்டவணை போடட்டும். 60-இல் 180 வந்தால் மற்றவை 216, 240, 270, 360 என்று வர வேண்டும்; எந்த வரியை எடுத்தாலும் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் 10,800. நீளத்துக்கு எதிராக வரைந்தால் வளைகோடு, நீளத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் தோற்றப்புள்ளி வழியாக நேர்கோடு. இசை, கைவேலை, எண், படம் நான்கும் ஒரே விதியைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எதையும் வலிந்து திணிக்கவில்லை.

கெடுவது எங்கே? எடை தொங்கவிடாமல் இரு முனையையும் ஆணியில் கட்டிவிடுவதே பொதுவான பிழை. நகரும் தாங்கியைச் செருகும்போது கம்பி இழுபட்டு இழுவிசை கூடிவிடும், 30 செ.மீ.யில் இரட்டிப்பைத் தாண்டி எண் காட்டும். விரலால் அழுத்திப் பிடித்தாலும் இதே கதை. பல அட்டைகள் ரப்பர் வளையத்தைப் பரிந்துரைக்கின்றன. அதை நீட்டும்போது நீளம், இழுவிசை, தடிமன் மூன்றும் ஒருசேர மாறுவதால் எந்த விதியும் தெரியாது. கப்பி இல்லாமல் பலகை விளிம்பில் கம்பியை மடக்கினால் உராய்வு எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். கம்பி அறுந்தால் கண்ணில் படலாம், பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். எடைக்கு நேர் கீழே ஒரு தலையணையைப் போட்டு, கால்களைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சுருதி பிடிபடாத பிள்ளைகளும் செவித்திறன் குறைந்த பிள்ளைகளும் செயலித் திரையைப் பார்த்து அதே அட்டவணையை நிரப்பலாம்.

‘பிறரை அறிதல்’ அட்டைகள் பெரும்பாலும் சும்மா குழு வேலை. நான்கு பேரை உட்கார வைத்ததாலேயே அந்தத் திறன் வேலை செய்யாது. ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தெரியாத ஒரு பகுதி இருந்தால்தான் கேட்கவும் விளக்கவும் அவசியம் வரும். ‘தன்னை அறிதல்’ அட்டைகளில் “இந்தப் பாடம் உனக்கு எப்படி இருந்தது?” என்ற டைரிக் கேள்வியை விட்டுவிடுங்கள். தேர்வுக்கு முன் ஒவ்வொரு கேள்விக்கும் நேராகத் தனக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று மாணவர் எழுதி, திருத்திய தாளோடு ஒப்பிட்டால் தன் கணிப்பு எங்கே பிசகியது என்று அவருக்கே தெரியும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். ‘இயற்கை’ அட்டைகளில் இலைகளை ஒட்டும் ஆல்பத்தை விட, பத்து இலைகளை ஆம்-இல்லைக் கேள்விகளால் பிரிக்கும் இனங்காண் திறவுகோல் உருவாக்கச் சொல்லும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

மதிப்பீட்டுப் படிவங்களின் பெரிய குறை, “கட்டுரை, ஓவியம், நாடகம் ஏதாவது ஒன்று” என்று விட்டுவிட்டு அழகுக்கும் முயற்சிக்கும் மதிப்பெண் கொடுப்பது. நன்றாக வரைபவர் விதியே புரியாமல் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். வடிவத்துக்கு மதிப்பெண் வேண்டாம். ஒலியியல் அலகுக்கு நான்கு வரி போதும்: நீளம்-அதிர்வெண் தொடர்பைச் சரியாகச் சொல்கிறாரா, இழுவிசை மாறக் கூடாது என்ற நிபந்தனையைக் குறிப்பிடுகிறாரா, தன் அளவீடுகளைச் சான்றாகக் காட்டுகிறாரா, அளக்காத ஒரு நீளத்துக்கு, 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதிர்வெண்ணை முன்கூட்டியே சொல்கிறாரா. வரிக்கு 0 முதல் 3, மொத்தம் 12. ஓவியம் கொடுத்தாலும் நாடகம் போட்டாலும் இதே நான்கு வரிதான். கூடவே எல்லோரும் எழுத வேண்டிய பொதுக் கேள்வித்தாள் ஒன்றும் இருக்கட்டும். எழுதப் பழகாத பிள்ளைக்கு எழுத்திலிருந்து விடுதலை கொடுப்பது கருணையாகத் தோன்றும், பொதுத்தேர்வில் அதுதான் அந்தப் பிள்ளையைத் தனியாகத் தவிக்கவிடும்.

செயல்முறைக் கோப்பு வேறு ரகம். இதன் வேர் 1980-களின் நடுவில் தொடங்கிய ஆர்ட்ஸ் புரொப்பெல் திட்டத்தில் இருக்கிறது. அது உயர்நிலை வகுப்பு மாணவர்களின் இசை, ஓவியம், படைப்பெழுத்துக்காக உருவானது. படைத்தல், கூர்ந்து நோக்குதல், திரும்பிப் பார்த்தல் மூன்றையும் கோத்தது. முடிந்த வேலையை மட்டும் வைக்காமல் முதல் வரைவு, இடையில் கைவிட்டது, மாற்றியது எல்லாவற்றையும் தேதியோடு சேர்ப்பார்கள். நல்ல தொகுப்புகளில் இதற்கான படிவம் ஒரு பக்கம்தான்: என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், அடுத்து என்ன செய்வேன். கணக்கு, அறிவியல் பாடங்களுக்கும் அப்படியே பொருந்தும். அலகுக்கு மூன்று தாளுக்கு மேல் கேட்காதீர்கள். நாற்பது பேர் வகுப்பில் அதுவே 120 தாள். அதற்கு மேல் போனால் ஆசிரியர் படிப்பதை நிறுத்திவிடுவார், பிள்ளைகள் அதைக் கவனித்துவிடுவார்கள்.

ஒருநாள் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் ஆசிரியர்களே அந்த வினாத்தாளை நிரப்பி, தங்கள் ‘வகை’யைக் கண்டுபிடித்து மகிழ்வதில் முற்பகல் போய்விடும். அந்த நேரத்தில் ஒரே பாட ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஓர் அலகையாவது ஐந்து வரிசைத் தாளில் எழுதி முடிக்க முடியுமா என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அட்டைகளையும் செயல்முறைக் கோப்புப் படிவத்தையும் தனியாக விற்கும் தொகுப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கட்டத் தாளை நாமே வரைந்துகொள்ளலாம். பணம் கட்டும் முன், உங்கள் பாடத்தில் பிள்ளைகள் வருடா வருடம் தடுமாறும் ஓர் அலகைச் சொல்லி அதற்கான அட்டையை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அதில் தேவையான பொருள்களின் அளவு, பிடிக்கும் நிமிடம், வழக்கமாக வரும் தப்பெண்ணம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நுண்ணறிவின் பெயரும் ஒரு படமும் மட்டும்தான் என்றால், மீதி அட்டைகளும் அப்படித்தான் இருக்கும்.